பாசம் என்னும் சொல்: உலக வழக்கும் சாத்திர வழக்கும்

ஒரு சொல் ஓரவையிற் புகழாகவும் மற்றோரவையில் இகழாகவும் நிற்றல் உண்டு. அத்தகைய சொற்களுள் பாசம் என்பது தலையாயது. முதுமையுற்ற தாயை அருகிருந்து பேணும் மகனைப் பாசமுள்ள பிள்ளை என்று ஊரார் பாராட்டுகின்றனர். அவ்வூர்த் திருக்கோயிலில் மாலையில் நிகழும் சாத்திர வகுப்பிலோ, பாசமாவது உயிரை அநாதியே பற்றிய கட்டு என்றும், அதனின் நீங்குதலே வீடு என்றும் ஓதப்படுகின்றது. இரண்டையும் கேட்கும் நன்மகன் ஒருவன், 'யான் என் தாயினிடத்து வைத்த பரிவு என்னை வீட்டுநெறியினின்று தடுக்கும் தளையோ?' என்று ஐயுறுதல் இயல்பே.

அவ்வையம் சொல்லளவில் நின்றுவிடுவதன்று, ஒழுக்கத்தையும் தொடுவது. பாசத்தை அறுத்தல் வேண்டும் என்பதனைக் கேட்டு, முதியோரையும் மனைமக்களையும் புறக்கணித்தலே ஞானம் என மயங்குவார் ஒரு சாரார். அவ்வாறு புறக்கணிப்பாரைக் கண்டு, சைவ சித்தாந்தம் அன்பற்ற வறண்ட நெறி என இகழ்ந்து விலகுவார் மற்றொரு சாரார். இருவரும் மயங்குதற்குக் காரணம், ஒரு சொல்லின் இருவேறு பொருள்களை ஒன்றெனக் கொண்டமையே. ஆகலின் அச்சொல்லின் வரலாற்றையும், உலகினர் அதனை ஆளும் முறையையும், சாத்திரம் அதனை ஆளும் முறையையும் வகுத்துக் காண்டல் பயனுடைத்தாம்.

சொற்பிறப்பு

பாசம் என்பது வடசொல். கட்டுதல் என்னும் பொருளுடைய வேரினின்று பிறந்து, கயிறு, சுருக்கு, கண்ணி எனப் பொருள்படும். இருக்கு வேதத்திலே வருணனுக்குரிய படையாகப் பாசம் கூறப்படுகின்றது. பிழை செய்தாரை அவன் அதனாற் கட்டுவான் என்பதும், வேள்வித்தூணிற் கட்டுண்ட சுனச்சேபன் மேலும் நடுவும் கீழுமாகிய மூன்று கட்டுக்களையும் தளர்த்துமாறு அவனை வேண்டினான் என்பதும் ஆண்டுக் காணப்படும். அம்மூன்றும் சித்தாந்தம் கூறும் மும்மலம் அல்ல. ஆயினும், கட்டு என்பது பிழையோடும், விடுதலை என்பது இறையருளோடும் இயைத்துக் கூறப்படுதல் மிகத் தொன்மையான வழக்கு என்பது அதனாற் பெறப்படும்.

தமிழில் இச்சொல்லை ஆராய்வார் மற்றொரு வேரோடு இதனை மயக்குதல் கூடாது. பாசிலை, பாசடை முதலியவற்றின்கண் நிற்பது பசுமை என்னும் தமிழ்ப் பண்புப்பெயர். பசுமை என்பது ஈறு கெட்டு முதல் நீண்டு 'பாசு' என நிற்றலை இலக்கண நூலார் ஆதிநீடல் என்பர். பசும்பொன், பசுங்கிளி என்பவற்றில் அஃது நீளாது நிற்கும். இவை நிறம் பற்றிய சொற்கள். கட்டு என்னும் பொருளுடைய பாசத்திற்கும் இவற்றிற்கும் ஓசையொப்புமை அன்றி வேறு தொடர்பு இல்லை.

பசு என்னும் வடசொல்லையும் ஈண்டு உடன் நோக்குதல் வேண்டும். உலகில் அஃது ஆவைக் குறிக்கும். சாத்திரத்தில் உயிரைக் குறிக்கும். பாசத்தாற் கட்டப்பட்டமையின் பசு எனப்பட்டது என்று சைவ நூலோர் இரு சொல்லையும் ஒரு வேரிற் பொருத்திக் காட்டுவர். ஒப்பியல் மொழிநூலார் பசு என்பதனைக் கால்நடைச் செல்வம் குறித்த வேறொரு பழஞ்சொல்லாகக் கொள்வர். வேர் யாதாயினும், கட்டுத்தறியில் நிற்கும் ஆவும் வினையிற் கட்டுண்டு நிற்கும் உயிரும் தம்முள் ஒத்தல் பற்றியே சாத்திரம் அப்பெயரைத் தெரிந்தெடுத்தது என்பதில் ஐயமில்லை. கருவூர்த் திருக்கோயிலுக்கு ஆனிலை என்பது பெயர்; ஆண்டு எழுந்தருளிய இறைவனுக்குப் பசுபதி என்பது பெயர். தலவரலாறு காமதேனு வழிபட்ட இடம் எனக் கூறும். தமிழ்ப்பெயர் ஆவைச் சுட்டி நிற்க, வடமொழிப் பெயர் ஆவுக்கும் உயிருக்கும் ஒருங்கே தலைவனாவானைச் சுட்டி நிற்றல் நோக்கத்தக்கது.

உலக வழக்கு

பாசம் கயிறு எனப் பொருள்படுவதாயினும், தமிழ்மக்கள் தம் தொழிலிற் பயிலும் கயிறு எதனையும் அப்பெயரால் வழங்குவதில்லை. ஆவைக் கட்டுவது தும்பு. எருதின் மூக்கிற் கோப்பது மூக்கணாங்கயிறு. கிணற்றில் நீர் முகப்பது தாம்புக்கயிறு. தேரை இழுப்பது வடம். இவற்றுள் ஒன்றையேனும் பாசம் என்பார் எவரும் இலர். அச்சொல் தமிழிற் புகுந்தபோது, கயிறு என்னும் பருப்பொருளைக் கூற்றுவன் கையிலும் தெய்வங்களின் கையிலும் நிறுத்திவிட்டு, மக்கள் வாழ்விற்கு உள்ளத்துக் கட்டு என்னும் நுண்பொருளையே கொணர்ந்தது எனலாம்.

கூற்றுவன் கையிலுள்ள பாசக்கயிறு அச்சம் விளைப்பது. விநாயகப் பெருமான் திருக்கையிலுள்ள பாசமோ அங்குசத்தோடு கூடி, அடியார்க்குக் காப்பாவது. யானையை நெறிப்படுத்தும் இக்கருவிகள், மதம் பட்டு ஓடும் மனத்தைப் பிணித்தற்கும் செலுத்துதற்கும் குறியாகக் கொள்ளப்படும். அம்பிகை திருக்கரத்திலும் பாசமும் அங்குசமும் உண்டு. இலலிதா சகசிரநாமம் அப்பாசத்தை விருப்பின் வடிவாகவும் அங்குசத்தை வெகுளியின் வடிவாகவும் கூறும். பாசம் என்னும் சொல் விழைவு, பற்று என்னும் பொருட்கு இயைந்து நிற்றல் வடமொழியிலும் உண்டு என்பது இதனால் அறியப்படும்.

உறவைக் கட்டாகக் காணும் நோக்கு தமிழுக்கும் புதியதன்று. பந்தம், பந்து என்னும் வடசொற்கள் கட்டுதல் என்னும் ஒரே வேரினின்று பிறந்து, ஒன்று தளையையும் மற்றொன்று உறவினரையும் குறிக்கும். தமிழில் உறவு என்பது உறுதலாகிய பொருந்துதலினின்று வந்தது; சுற்றம் என்பது சூழ்ந்திருப்பாரைக் குறித்தது. திருமணம் முடித்துவைத்தலை இன்றும் கால்கட்டுப் போடுதல் என்று முதியோர் வழங்குவர். அவ்வழக்கில் நகையும் உண்டு, நலமும் உண்டு. மனம் போனவாறு திரியும் இளைஞன் ஓரிடத்து நிலைபெறுதல் வேண்டும் என்னும் நல்லெண்ணமே அதன் உட்பொருள். செய்யுளுக்கு உறுப்பாகிய தளை என்பதும் விலங்கைக் குறிக்கும் சொல்லே. யாப்பு என்பதும் கட்டு எனப் பொருள்படுவதே. தளையின்றேற் செய்யுள் இல்லை. ஆகவே கட்டு என்ற அளவானே ஒன்று தீதாகிவிடாது என்பதைத் தமிழ் வழக்கே அறிவுறுத்துகின்றது.

இவ்வாறு உறவின் இறுக்கத்தைக் குறித்த பாசம், காலப்போக்கில் உறவினரிடை நிகழும் அன்பையே நேரே குறிப்பதாயிற்று. தாய்ப்பாசம், பிள்ளைப்பாசம், உடன்பிறந்தார் பாசம் எனப் பலவாறு அது பெருகிற்று. 1961-ஆம் ஆண்டு வெளிவந்த 'பாசமலர்' என்னும் திரைப்படத்தின் பெயரைக் கேட்டோர், அதனைத் தமையன் தங்கையரின் அன்பு எனக் கொண்டனரேயன்றி, ஒருவரும் மலம் எனக் கொண்டிலர். எனினும் பழைய பொருள் முற்றும் மறைந்திலது. பாசவலையிற் சிக்கினான் என்றும், புத்திர பாசத்தால் நீதி தவறினான் என்றும் கூறுங்கால், கட்டு என்னும் முதற்பொருள் மீண்டும் தலைதூக்குகின்றது. எனவே உலக வழக்கிலேயே இச்சொல் புகழும் பழியும் ஒருங்குடையது.

சாத்திர வழக்கு

இனிச் சித்தாந்த சாத்திரத்திற் பாசம் என்பது யாது? பதி, பசு, பாசம் என்னும் மூன்றும் அநாதிப் பொருள்கள் என்பது சிவாகமங்களின் துணிபு. திருமூலர் முதலாகத் தமிழ்ச் சைவச் சான்றோர் அனைவர்க்கும் அதுவே உடம்பாடு. அவற்றுட் பாசம் என்பது ஆணவம், கன்மம், மாயை என மூவகைப்படும். மாயையின் காரியமாகிய மாயேயத்தையும், இறைவனது மறைப்பாற்றலாகிய திரோதாயியையும் கூட்டி ஐந்து எனக் கூறுதலும் உண்டு. திரோதாயி உண்மையில் சிவசத்தியே. மலத்தைப் பரிபாகப்படுத்துதற்பொருட்டு அதனோடு உடனின்று தொழிற்படுதலின், உபசாரமாகப் பாசத்துள் வைத்து எண்ணப்பட்டது.

ஈண்டு முதற்கண் உளங்கொளற்பாலது ஒன்றுண்டு. சாத்திரம் கூறும் பாசம் ஓர் உணர்ச்சியின் பெயர் அன்று. அஃது அறிவற்ற சடப்பொருளின் பெயர். அன்பு, பரிவு, இரக்கம் என்பன அறிவுடைய உயிரின்கண் நிகழ்வன. ஆணவமோ செம்பிற் களிம்பு போல உயிரோடு உடனாய் நின்று, அதன் அறிவு இச்சை செயல்களை மறைப்பது. உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் இருள்மல நிலை என ஓர் அதிகாரமே வகுத்து இதனை விளக்கினார். புறவிருள் பிற பொருள்களை மறைப்பினும் தன்னைக் காட்டி நிற்கும். ஆணவ இருளோ பிறவற்றையும் காட்டாது, தன்னையும் காட்டாது நிற்கும் என்பது அவர் கருத்து. தன்னை உடையான் தன்னை உணராவாறு செய்வதே ஆணவத்தின் இயல்பு. தாயிடத்து வைத்த பரிவோ தன்னை மறைத்து நிற்பதன்று. உடையானுக்கும் பிறர்க்கும் வெளிப்படத் தோன்றுவது. ஆகலின் அப்பரிவையே ஆணவம் எனக் கூறுதல் சாத்திரத்திற்கு ஒவ்வாது.

அற்றேல், குடும்பத்தினரிடை நிகழும் விழைவு மூன்று பாசங்களுள் எதனோடும் தொடர்பிலதோ எனின், தொடர்புடைத்து. உயிரின் இச்சை விளங்குதற்குக் கருவியாவது 36 தத்துவங்களுள் வித்தியா தத்துவத்தைச் சார்ந்த அராகம். அது மாயையின் காரியம். இன்னார் தாய், இன்னார் மகன் என உடல்வழி உறவு அமைதல் கன்மத்தின்படி. எனவே குடும்ப விழைவு மாயையாகிய கருவியினாலும் கன்மமாகிய ஏதுவினாலும் நிகழ்வது எனலாம். ஆயின் மாயையும் கன்மமும் ஆணவத்தைப் போலத் தீமையே உருவானவை அல்ல. ஆணவத்தான் மூடப்பட்ட உயிர்க்கு இறைவன் இரங்கி, உடலும் கருவியும் உலகும் நுகர்பொருளும் மாயையினின்று கூட்டினான். விடியுமளவும் விளக்கு உதவுமாறு போல, ஞானம் விளங்குமளவும் அவை உதவும். வண்ணார் சாணமும் உவரும் ஆடையிற் கூட்டி, ஆடையின் அழுக்கோடு அவற்றையும் போக்குவர். அதுபோல மாயையைக் கூட்டி ஆணவத்தைப் போக்குதல் இறைவன் செயல் என்பது சித்தாந்தத்திற் பயின்றுவரும் உவமை.

இவ்வுவமையை உறவுக்குப் பொருத்திக் காண்க. தன்னையன்றி வேறொன்றையும் அறியாத உயிர்க்கு, முதன்முதல் தன்னினும் பிறரைப் பெரிதாக எண்ணக் கற்பிப்பது குடும்பமே. நோயுற்ற குழந்தையின் பக்கத்தில் இரவெல்லாம் கண்விழிக்கும் தாய், தன் பசியையும் உறக்கத்தையும் மறக்கின்றாள். தற்போதம் சிறிதேனும் தளரும் இடம் அது. அவ்விளக்கை விடியுமுன் அவித்துவிடுதல் ஞானமாகாது. இருளைத் தேடிக்கொள்ளுதலே ஆகும். விடிந்த பின்னரும் விளக்கையே கதிரவன் எனக் கொள்ளுதலும் பேதைமையே. முன்னையது குடும்பத்தைப் புறக்கணிப்பாரது குற்றம். பின்னையது குடும்பமே முடிந்த பொருள் எனக் கொள்வாரது குற்றம்.

அருள்நூல்களின் சொல்லாட்சி

மெய்கண்ட தேவர் 13-ஆம் நூற்றாண்டில் அருளிய சிவஞானபோதம் 12 நூற்பாக்களான் இயன்றது. அதன் ஒன்பதாம் நூற்பா, ஊனக்கண்ணாகிய பாசஞானத்தாற் பதியை உணர்தல் இயலாது என்றும், பாசத்தைக் கானல்நீர் எனக் கண்டு கழித்தல் வேண்டும் என்றும் அறிவுறுத்தும். பத்தாம் நூற்பா இறைபணியில் நிற்றலான் மலமும் மாயையும் வினையும் நீங்கும் என்னும். பதினோராம் நூற்பாவிலோ, அயர்வில்லாத அன்பே உயிரை இறைவன் திருவடியிற் சேர்ப்பது எனப்பட்டது. பன்னிரண்டாம் நூற்பா அன்பரோடு கூடியிருத்தலைப் பணிக்கும். இம்முறை வைப்பு மிகவும் நோக்கற்பாலது. பாசம் நீங்கிய பின் எஞ்சுவது உணர்ச்சியற்ற வெறுமை எனின், பாச நீக்கம் கூறிய நூற்பாவை அடுத்து அன்பு கூறப்படுதல் எங்ஙனம்? பாசம் ஒருவப்படுவது, அன்பு முதிர்விக்கப்படுவது. ஒன்று நீங்குந்தோறும் மற்றொன்று வளர்வது.

மணிவாசகப் பெருமான் சிவபுராணத்தில் பாசத்தையும் பற்றையும் ஒருங்கு வைத்து, இறைவன் அதனை அறுத்தருளியதனைப் போற்றினார். அத்திருப்பாட்டிலேயே, சிறிது முன்னர், இறைவனது பேரருளுக்கு அளவுகோலாகத் தாயின் தயாவை எடுத்துக் கூறி, அதனினும் அவன் அருள் சிறந்தது என்றார். பிடித்த பத்திலும், காலமறிந்து குழவிக்குப் பாலூட்டும் தாயின் பரிவே இறைவனது பரிவுக்கு ஒப்பாகக் காட்டப்பட்டது. தாயின் பரிவு முற்றும் மலமே எனின், மலத்தைக் கொண்டு பதியின் அருளை அளந்தார் மணிவாசகர் எனக் கூறவேண்டி வரும், அது பொருந்தாது. தாயினிடத்துத் தோன்றும் தன்னலமற்ற பகுதி இறையருளின் சாயல் என்பதே அப்பெருமான் திருவுள்ளம் என்க.

திருவள்ளுவர் அன்புடைமையை இல்லறவியலிலும் அருளுடைமையைத் துறவறவியலிலும் வைத்தார். பொருள் செயல்வகையில், அருளை அன்பு பெற்ற மகவாக உருவகித்தார். தொடர்புடையார்மாட்டுச் செல்வது அன்பு. அத்தொடர்பு நோக்காது எல்லா உயிர்மாட்டும் செல்வது அருள். தாயை அழித்து மகவைப் பெறுதல் கூடாதவாறு போல, அன்பை அழித்து அருளை எய்துதலும் கூடாது. துறவு என்னும் அதிகாரத்திற் கடியப்பட்டதோ பற்று. அஃதாவது யான், எனது என்னும் செருக்கு. அன்பு, அருள், பற்று என்னும் மூன்று தமிழ்ச்சொற்களும் இவ்வாறு தம்முள் எல்லை வகுத்துக்கொண்டு நிற்ப, உலக வழக்கிற் பாசம் என்னும் ஒரு சொல்லே அன்புக்கும் பற்றுக்கும் பொதுவாகி மயக்கம் விளைக்கின்றது.

அடியார் வரலாறு காட்டும் உரைகல்

சொல்லாராய்ச்சியால் வகுத்த இவ்வெல்லையைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் வாழ்க்கையாகவே காட்டினார். திருவாரூரில் மனுச்சோழன் மகன் ஏறிச்சென்ற தேர்க்காலில் ஆன்கன்று ஒன்று மடிந்தது. கன்றை இழந்த தாய்ப்பசு அரண்மனை வாயிலிற் கட்டிய மணியை அசைத்து முறையிட்டது. அரசனுக்கு மகன் ஒருவனே. அமைச்சர் கழுவாய் செய்து அமையலாம் என்றனர். அரசனோ, ஆவின் துயரமும் தன் துயரமும் ஒரு தன்மையவாதல் வேண்டும் எனத் துணிந்தான். ஏவப்பெற்ற அமைச்சன் அச்செயல் செய்யாது தன்னுயிர் விட, தானே தன் மகன்மேல் தேரைச் செலுத்தினான். இறைவன் வெளிப்பட்டுக் கன்றையும் மகனையும் அமைச்சனையும் எழுப்பியருளினான்.

இவ்வரலாற்றில் ஆவின் கன்றன்பு பழிக்கப்படவில்லை. அரசன் அதனை முறையான வழக்காகவே ஏற்றுக்கொண்டான். அவன் வென்றது, என் மகன் என்பதனால் அவன் உயிர் கன்றின் உயிரினும் பெரிது எனக் கொள்ளும் எண்ணத்தை. திருதராட்டிரனும் மகனிடத்து அன்புடையவனே. ஆயின் பாண்டவர்க்கு உரிய பங்கை மறுத்த மகனைத் தடுக்க அவனால் இயலாதாயிற்று. அன்பு இருவர்க்கும் ஒன்று. எனது என்னும் செருக்கு ஒருவனிடம் வெல்லப்பட்டது, மற்றவனை அது வென்றது. உயிரை விட்டு நீங்கற்பாலது யாது என்பது இவ்விருவரையும் ஒருங்கு நோக்குவார்க்கு விளங்கும்.

திலகவதியார் வரலாறு இன்னும் நுட்பமானது. அவருக்கு மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போரில் மாண்டார். தந்தை தாயரும் முன்னரே மறைந்தனர். உயிர்விடத் துணிந்த தமக்கையார் திருவடியில் மருள்நீக்கியார் வீழ்ந்து, தம்மை விட்டு அவர் நீங்குவாராயின் தாம் அவர்க்கு முன்னே உயிர்நீப்பதாக உரைத்தார். தம்பியார் வாழ்தல் வேண்டும் என்று அம்மையார் உயிர் தாங்கினார். ஈண்டுச் சேக்கிழார் ஆண்ட சொல் பாசம் அன்று, தயா என்பது. மணிவாசகர் தாயின் அருளுக்கு ஆண்ட அதே சொல்லை, தமக்கையின் பரிவுக்குச் சேக்கிழார் ஆண்டார். அதனை அடுத்து, அம்மையார் எல்லா உயிர்க்கும் அருள் தாங்கி மனைக்கண் தவம் புரிந்தார் எனவும் கூறினார். ஒருவன்மாட்டு நின்ற பரிவு அனைத்துயிர்மாட்டும் சென்ற அருளாக விரிந்தமை காண்க.

அப்பரிவு பற்றாகச் சுருங்கவில்லை என்பதற்குப் பின்னிகழ்ச்சி சான்று. மருள்நீக்கியார் சமண சமயம் புகுந்து தருமசேனர் ஆயினார். அம்மையார் திருவதிகை வீரட்டானத்திற் பணி செய்துகொண்டு, தம்பியைத் தடுத்தாட்கொள்ளுமாறு இறைவனை வேண்டிவந்தார். சூலைநோய் தம்பியாரைப் பற்றியது. ஆற்றாது அவர் தம் ஏவலனை அனுப்பியபோது, அம்மையார் சமணப் பள்ளிக்கு வர உடன்பட்டிலர். தம்பி நோயால் துடிக்கின்றான் என்று கேட்டும், தாம் நின்ற நெறியினின்று ஓரடி பெயர்ந்திலர். வெறும் பற்றாயின் அது அப்பொழுதே அவரைப் பள்ளிக்கு ஓடச் செய்திருக்கும். தம்பியாரே இரவில் திருவதிகைக்கு வந்து அடிவீழ்ந்தபோது, அம்மையார் திருநீறளித்துத் திருவலகும் தோண்டியும் கொண்டு அவரைத் திருக்கோயிலுள் அழைத்துச் சென்றார். நாவுக்கரசர் உலகிற்குக் கிடைத்தது அப்பரிவினால். அந்நிலையா உறுதியினாலும் ஆம்.

துறவிகளிடத்தும் இவ்வேறுபாடு விளங்கும். பட்டினத்தடிகள் பெருஞ்செல்வத்தையும் மனையையும் ஒருங்கே துறந்தவர். தாயார் இறந்தபோது ஓடிவந்து, பச்சை வாழைமட்டையை அடுக்கித் தாமே ஈமக்கடன் முடித்து, உளமுருகிப் பாடினார் என்பது வழங்கிவரும் வரலாறு. துறவு தாயை மறக்கச் செய்யுமாயின், அடிகள் அப்பாடல்களைப் பாடியிரார். துறந்தது என் பொருள், என் மனை என்னும் உரிமையை; தாய்க்குச் செய்யும் நன்றிக்கடனை அன்று.

ஒரு தடையும் விடையும்

மனைவி, மக்கள், சுற்றம் என்னும் பாசம் துன்பம் என்று சான்றோர் பலர் பாடியுள்ளாரே எனின், பாடியுள்ளார், அப்பாடல்கள் மெய்யே. அவை கூறப்பெற்றது யாரை நோக்கி என்பதனை ஆராய்தல் வேண்டும். உறவே முடிந்த பொருள் எனக் கொண்டு, அவர்பொருட்டு அறங்கடந்து பொருளீட்டி, இறைவனை மறந்திருப்பாரைத் தெருட்டுதற்பொருட்டு எழுந்தவை அவை. உறவினரைப் பேணாது விடுதற்கு உடன்பாடாக அவற்றைக் கொள்ளுதல், நோயாளிக்கு இட்ட பத்தியத்தை உழவனுக்கு இடுதல் போலும். நாயன்மாருள் மனையறத்தில் நின்றோர் மிகப் பலர். மனைவாழ்க்கையே வீட்டிற்குத் தடையாயின், அவர்கள் அந்நிலையில் நின்றே அருள் பெற்றிருத்தல் இயலாது.

திருக்கடவூர் வீரட்டானத்து வரலாறும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. மார்க்கண்டேயர் சிவலிங்கத்தைத் தழுவி நிற்ப, கூற்றுவன் வீசிய பாசம் அவரோடு இலிங்கத்தையும் சூழ்ந்து வீழ்ந்தது; இறைவன் தோன்றிக் கூற்றுவனை உதைத்தருளினான். பதியைப் பாசம் கட்டாது. பதியைச் சார்ந்த பசுவையும் அது பின்னர்க் கட்டமாட்டாது. மார்க்கண்டேயர் சுருக்கைத் தம் கையால் அவிழ்க்க முயன்றிலர், பற்றவேண்டுவதனைப் பற்றினார். பாச நீக்கம் என்பது உயிர் தன் முயற்சியால் உறவுகளை ஒவ்வொன்றாக வெட்டிக் கழித்தல் அன்று. இறைவனைச் சார்தலான், ஆணவத்தின் மறைக்கும் ஆற்றல் மடங்குதல். முப்பொருளும் அநாதியாகலின், வீட்டுநிலையிலும் ஆணவம் பொருளளவில் அழிவதில்லை. அதன் வலியே கெடும் என்பது சித்தாந்த முடிபு.

சொல்லை ஆளும் முறை

இதுகாறும் கூறியவற்றால், பாசம் என்னும் சொல்லுக்கு மூன்று நிலைகள் உள என்பது பெறப்பட்டது. கயிறு என்பது முதனிலை. உறவினரிடை நிகழும் அன்பும் பற்றும் கலந்த நெகிழ்ச்சி என்பது உலக நிலை. உயிரைப் பிணித்த ஆணவம் கன்மம் மாயை என்னும் பொருள்கள் என்பது சாத்திர நிலை. உலக நிலையில் அன்பு எனும் கூறு வளர்க்கற்பாலது. எனது என்னும் பற்று களையற்பாலது. சாத்திர நிலையில் நீங்கற்பாலது என ஓதப்படுவது அன்பை அன்று.

ஆதலின் சாத்திரம் விரித்துரைப்போர், பாசத்தை அறுக்க என்று வாளா கூறியொழியாது, இது மும்மலம் குறித்தது, தாய்தந்தையர்மாட்டுச் செலுத்தும் அன்பு குறித்ததன்று என ஒருமுறையேனும் விளக்கிச் செல்லுதல் கடன். இளையோர் கேட்கும் வகுப்புக்களில் இது பெரிதும் வேண்டற்பாலது. இல்லறத்தாரும், பாசம் என்று தாம் பாராட்டும் ஒன்றைத் தம்முள்ளே வைத்து ஆராய்தல் நன்று. அயலார் பிள்ளைக்குத் தீங்கு நேருங்கால், தம் பிள்ளையைத் தாங்கிப் பேசத் தூண்டுவது அதுவாயின், அது பற்று. தம் பிள்ளையின் பசியைக் கண்ட கண் அயலார் பிள்ளையின் பசியையும் காணுமாறு செய்வது அதுவாயின், அது அன்பு; அருளாக முதிர்தற்குரியது.

முற்கூறிய ஐயமுடைய மகனுக்கு விடை இதுவே. முதுமையுற்ற தாயைப் பேணுதல் அவனை வீட்டுநெறியினின்று தடுப்பதன்று. தன்னலம் தேயும் நெறியில் அவனைச் செலுத்துவது. அப்பணியை இறைபணியாகக் கொண்டு, இறைவன் தந்த கடன் எனச் செய்வானாயின், எனது என்னும் கட்டும் உடன் தளரும். மாலையில் அவன் சாத்திர வகுப்பிற்கும் தடையின்றிச் செல்லலாம். தாய்க்கு உணவளித்துவிட்டுச் செல்க.